கடலூர், புதுச்சேரியில் வீடு: இணையத்தில் வரும் பகுதி விவரங்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: 9 ஜூன் 2025 (சென்னை வாசகர்)

ஓய்வு பெற்றபின் கடலூரிலோ புதுச்சேரியிலோ குடியேற எண்ணியிருக்கிறோம். வீடு விற்பனைத் தளங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விவரப் பக்கம் இருக்கிறது. சதுர அடி விலை, ஐந்துக்கு இத்தனை என்ற மதிப்பெண், பள்ளி, மருத்துவமனை, நிறை, குறை என எல்லாம் போட்டிருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்துக்கு நல்ல மதிப்பெண், திருப்பாதிரிப்புலியூருக்குக் குறைவு. புதுச்சேரியில் கோட்டக்குப்பம் மலிவாகத் தெரிகிறது. இதை வைத்து முடிவெடுக்கலாமா? ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டும்.

9 ஜூன், இரவு

கடலூரில் பல ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்தவன் நான். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் குடும்ப வீட்டை விற்க முயன்றுகொண்டிருக்கிறேன். மகளுக்காகப் புதுச்சேரியில் வீடு தேடிக்கொண்டும் இருக்கிறேன். ஆகவே விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருடைய கவலையும் எனக்குண்டு.

அருகில் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கங்களை ஓரளவு நம்பலாம். விலைக்குப் பாதி நம்பலாம். தண்ணீர் தேங்குமா, குடிக்க முடியுமா என்பதற்கு நம்பவே கூடாது.

முதலில் கோட்டக்குப்பத்தைப் பார்த்துவிடுவோம். அது புதுச்சேரியில் இல்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் வருகிற ஊர்தான் என்றாலும், அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நகராட்சி. அஞ்சல் குறியீடு 605 என்று தொடங்குவதால் இணையதளங்கள் அதைப் புதுச்சேரிக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. அங்கே வாங்கினால் பதிவு தமிழ்நாட்டில். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். மின் இணைப்பு, பட்டா, கட்டட அனுமதி, ரேஷன் அட்டை எல்லாமே தமிழ்நாட்டுக் கணக்கு. மலிவு என்று நீங்கள் பார்த்த விலையைப் புதுச்சேரியின் விலையோடு ஒப்பிட்டிருந்தால், இரண்டு அரசுகளின் விலையை ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

10 ஜூன்

விலையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். விற்பவர்களும் இதில்தான் இடறுகிறார்கள்.

விவரப் பக்கத்தில் வருகிற சதுர அடி விலை பெரும்பாலும் விளம்பரத்தில் கேட்கப்படும் விலையின் சராசரி. கைமாறிய விலை அன்று. ஒரே மனையை மூன்று தரகர்கள் மூன்று விலையில் போட்டிருப்பார்கள். சராசரியில் அது மூன்று மனையாக நிற்கும். விற்றுப்போன வீட்டின் விளம்பரத்தை எவரும் எடுப்பதில்லை. கடலூர் போன்ற ஊரில் ஒரு பகுதிக்கு விளம்பரங்களே சொற்பம் என்பதால், ஒருவர் பேராசையோடு போட்ட விலை அந்தப் பகுதியின் விலையையே தூக்கிக் காட்டிவிடும்.

பத்திரத்தில் உள்ள தொகையைப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அதில் எழுதப்படுவதும் கையில் கொடுக்கப்படுவதும் ஒன்றாக இருந்த பத்திரங்களை நான் அதிகம் எழுதியதில்லை. பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்து விலைப்போக்கைக் கணிப்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2017 ஜூன் மாதத்தில் வழிகாட்டி மதிப்பை ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தார்கள். அதே வேளையில் பதிவுக்கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். அந்த எண்களை மட்டும் வைத்து வரைபடம் போட்டால் அவ்வாண்டு கடலூரில் நிலமெல்லாம் சரிந்து விழுந்ததாகத் தெரியும். சந்தையில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

புதுச்சேரியில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே தரகர்கள் இன்னமும் குழிக் கணக்கில் பேசுகிறார்கள். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லப்படும் குழி 144 சதுர அடி. எல்லைப்புறத்தில் ஒரு மனைக்குக் "குழி இவ்வளவு" என்று விலை சொன்னால், எந்தக் குழி என்று கேட்டபிறகே அடுத்த பேச்சு.

10 ஜூன், பிற்பகல்

ஒரு நண்பர் தேவனாம்பட்டினத்துக்கு 4.4 மதிப்பெண் இருப்பதைக் காட்டி, அது மஞ்சக்குப்பத்தைவிட உயர்ந்ததா என்று கேட்கிறார். அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஞாயிறு மாலை அங்குள்ள வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியவர்கள். சுண்டலுக்கு 4.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

12 ஜூன்

இனித் தண்ணீர். நானே பார்த்ததை எழுதுகிறேன்.

மகளுக்குப் பிடித்திருந்த வீடு ரெயின்போ நகர்ப் பக்கம் இருந்தது. விவரப் பக்கத்தில் "வடிகால் வசதி: நன்று" என்று இருந்தது. வீட்டுக்காரர் அன்பானவர், காப்பி கொடுத்தார். சுவர் முழுக்கப் புதிதாக வெளிர்நீலப் பெயின்ட். கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கையில் சாய்வாக விழுந்த வெளிச்சத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே சுவர் நெடுக ஒரே மட்டத்தில் ஓடும் கோட்டைக் கண்டேன். அந்தக் கோட்டுக்குக் கீழே பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருந்தது. விரலால் தொட்டால் உப்பு மாவாக உதிர்ந்தது. வெளியே மின்சார மீட்டர் பெட்டியைக் கழற்றித் தலை உயரத்துக்கு மாற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் சிமென்ட் பூச்சு இன்னும் நிறம் சேரவில்லை. பக்கத்து வீட்டு இரும்புக் கதவில் கீழ் இரண்டு அடி மட்டும் துருவேறி, மேலே பளபளவென்று இருந்தது. இவற்றில் எதுவுமே இணையத்தில் இல்லை.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அந்த 24 மணி நேரத்தில் நகரில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் சிக்கிக்கொண்டவர்களை இராணுவம் வந்து மீட்டது. அதற்குச் சில மாதங்கள் கழித்துப் பார்த்த விவரப் பக்கங்களிலும் "அமைதியான குடியிருப்புப் பகுதி, நகரத்துக்கு மிக அருகில்" என்ற பழைய வாசகமே இருந்தது. அந்த வாசகத்தைப் பெரும்பாலும் எங்கோ உட்கார்ந்து ஒருவர் எழுதுகிறார், அல்லது எந்திரம் எழுதுகிறது. புயல் வந்துபோனதால் அதைத் திருத்த வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வாசற்படியையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டுப் போட்டு, தெரு வீட்டைவிட உயர்ந்துவிட்ட இடங்கள் இரண்டு ஊர்களிலும் ஏராளம். தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருந்தால் மதிப்பெண் பட்டியலை மூடிவிடலாம்.

12 ஜூன், இரவு

புதுச்சேரி வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். "ரெயின்போ நகரில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன், என் வீட்டில் ஒரு சொட்டு ஏறியதில்லை, நீங்களும் இணையதளம் செய்வதைத்தானே செய்கிறீர்கள்?" என்கிறார்.

நியாயமான கோபம். நான் பார்த்தது ஒரு தெருவில் ஒரு வீடு. அவர் வீடு மேட்டில் இருக்கலாம். அடித்தளத்தை உயர்த்திக் கட்டியிருக்கலாம். நம் ஊர்களில் ஒரு நகரின் பெயருக்குள் இரண்டு மூன்று மட்டங்கள் இருக்கின்றன. விவரப் பக்கத்தின் அடிப்படைக் கோளாறே இதுதான்: அது பின்கோடையோ நகரின் பெயரையோ அலகாக வைத்துக்கொள்கிறது, தண்ணீர் அந்த எல்லையைப் பார்த்துப் பாய்வதில்லை. அதனால் பள்ளத்தில் வாங்குபவர் ஏமாறுகிறார், மேட்டில் விற்பவர் நட்டப்படுகிறார்.

14 ஜூன்

மேட்டில் விற்பவரின் நட்டம் என்று எழுதினேன் அல்லவா, அது என் கதைதான்.

எங்கள் வீடு பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில், சற்று மேடான தெருவில் இருக்கிறது. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூரே தத்தளித்தபோதும் எங்கள் திண்ணைக்குத் தண்ணீர் வரவில்லை. சென்ற மாதம் வேளச்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்: "ஐயா, மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்கும்னு போட்டிருக்கே?" கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். திருப்பாதிரிப்புலியூருக்கு மொத்தம் ஏழெட்டு மதிப்புரைகள். "தண்ணீர் தேங்குகிறது" என்று எழுதியவர் குறிப்பிட்டது ரயில்வே சுரங்கப்பாதையை. சுரங்கப்பாதையில் நிற்கும் நீரை ஊர் முழுவதற்கும் பங்கு பிரித்து, என் வாசலுக்கும் ஒரு பாகம் அனுப்பிவிட்டார்கள். வேளச்சேரிக்காரர் வெள்ளத்துக்கு அஞ்சுவதை நாம் குறை சொல்லவும் முடியாது.

இதற்கு எங்கள் தரகர் ஒரு மருந்து சொன்னார். "சார், பத்துப் பேரை வச்சு அஞ்சு ஸ்டார் போட்டுடலாம், நீங்க கவலையே படாதீங்க. பத்து நிமிஷ வேலை." எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்ன தொகை ஒரு மதிப்புரைக்கு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. வேண்டாம் என்றேன். ஆனால் அன்றிலிருந்து எந்தப் பகுதிக்கு ஐந்து நட்சத்திரம் தெரிந்தாலும், அங்கே யாரோ அவசரமாக மனை விற்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் செய்தது வேறு. புயலுக்கு மறுநாள் காலை பேரன் தெருவில் சைக்கிள் ஓட்டியதை மருமகள் படம் எடுத்திருந்தாள். தேதியும் நேரமும் கோப்பிலேயே இருந்தன. அதைக் காட்டினேன். எதிர்வீட்டு அம்மாவிடம் அவர்களையே போய்க் கேட்கச் சொன்னேன். நான் கூடப் போகவில்லை. விற்பவர்கள் மழைக்காலப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

15 ஜூன்

"விற்பவர் தண்ணீர் ஏறியதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? வாங்குபவர் கேட்காவிட்டால்?" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவு: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும். பெயின்டுக்கு அடியில் இருக்கும் கோடு சாதாரணக் கவனத்துக்குத் தெரிவதா, தெரியாததா என்பதை வழக்கறிஞர்கள் நாள்கணக்கில் வாதிடுவார்கள். இணையத்தில் பகுதிக்கு நல்ல மதிப்பெண் இருந்தது என்பது அந்த வாதத்தில் விற்பவருக்குத் துணை நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லிவிட்டு விலையில் கொஞ்சம் இறங்குவதே வழக்கைவிட மலிவு.

17 ஜூன்

மக்கள்தொகை பற்றிய கேள்வி. விவரப் பக்கங்களில் "கடலூர் மக்கள்தொகை 1,73,636" என்று அச்சொட்டாக வருவதைப் பார்த்து, எவ்வளவு துல்லியம் என்று வியக்கிறார் ஒருவர். அது 2011 கணக்கெடுப்பில் நகராட்சியாக இருந்த கடலூரின் எண். 2021இல் கடலூர் மாநகராட்சியாகிவிட்டது. அதற்குப்பின் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்ததற்கான அறிவிக்கை நேற்றுத்தான் அரசிதழில் வந்திருக்கிறது, 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து. கல்வியறிவு, குடும்ப அளவு என்று எந்தத் தளம் எதைக் காட்டினாலும் பெரும்பாலும் 2011இன் சரக்குதான்.

புதுச்சேரிக்கும் இதே கதை. நகராட்சியின் 2011 எண் 2.44 லட்சம். லாசுப்பேட்டையும் ரெட்டியார்பாளையமும் அந்த எண்ணில் இல்லை. அவை உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தவை, அதன் மக்கள்தொகை 3 லட்சம். புதுச்சேரியைவிட உழவர்கரை பெரிது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை.

18 ஜூன்

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன் இந்த இழையைப் படித்துவிட்டு, "அங்கெல்லாம் இப்படி இல்லை சித்தப்பா" என்று எழுதியிருக்கிறான். அங்கே மக்கள்தொகை அலுவலகம் ஆண்டுதோறும் சமூக ஆய்வு நடத்துகிறது; சிறு வட்டாரங்களுக்கும் எண்கள் கிடைக்கின்றன. அந்த வசதி நமக்கு இல்லை என்பது உண்மை.

ஆனால் அங்கேயும் ஒரு சங்கடம் வந்தது. 2021 டிசம்பரில் ரெட்ஃபின் என்ற வீட்டு விற்பனை நிறுவனம், தன் தளத்தில் வட்டாரக் குற்றப் புள்ளிவிவரங்களைக் காட்டப்போவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கிடைக்கிற விவரம், "இந்த வீட்டில் குடியேறினால் பாதுகாப்பாக இருப்பேனா" என்ற கேள்விக்கு விடை தருவதாக இல்லை. இனம் சார்ந்த பழைய முன்முடிவைத்தான் அது வலுப்படுத்தும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இனம், மதம் பார்த்து வாடிக்கையாளரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கிறது. ஆகையால் தரகர்கள் வட்டாரத்தைப் பற்றித் தாங்களே பேசாமல் இணையதளத்தைக் கைகாட்டிவிடுவார்களாம். நம் தரகர்களோ, "நம்ம ஆளுங்க இருக்கிற தெரு சார்" என்று முதல் வாக்கியத்திலேயே ஆரம்பிப்பார்கள். விவரப் பக்கங்கள் அதை மட்டும் எழுதாமல் இருக்கின்றன. அந்த ஒரு மௌனத்துக்காக அவற்றை நான் மதிக்கிறேன்.

19 ஜூன்

முதுநகருக்குத் தெற்கே மனை பார்க்கும் ஒருவர், "காற்றுத் தரம் பச்சை நிறத்தில் இருக்கிறது, சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை பற்றிய பயமெல்லாம் பழங்கதையா?" என்கிறார்.

பச்சை நிறம் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டுப் பொருட்களைக் கணக்கில் கொள்கிறது: இருவகை நுண்துகள்கள், நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இல்லை. அதுவோ மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கில் ஏறிவிடும். குடிகாடு, ஈச்சங்காடு மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தது பெரும்பாலும் நாற்றத்தைப் பற்றி. எண் பச்சையாக இருக்க, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய இரவுகள் அங்கே இருக்க முடியும், இரண்டுமே பொய்யில்லை. காற்று தெற்கிலிருந்து வீசும் நாளில், இரவு பத்து மணிக்கு மேல் அங்கே போய் நின்று பாருங்கள். பகலில் தரகரோடு காரில் போனால் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுத்தான் அழைத்துப்போவார்.

20 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்தவர்கள் நான் இணையமே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. மகளுக்காகத் தேடும்போது பள்ளி எங்கே, மருந்துக்கடை எங்கே, ஜிப்மருக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் அதில்தான் பார்த்தோம். ஒரே எச்சரிக்கை, தூரத்தை அவை பல நேரம் நேர்கோட்டில் அளக்கின்றன. கெடிலத்தின் ஒரு கரையில் வீடும் மறுகரையில் ரயில் நிலையமும் இருந்தால், பறவைக்குத்தான் அந்தத் தூரம். நமக்குப் பாலத்தைச் சுற்ற வேண்டும்.

நிலத்தடி நீருக்கு எந்தப் பக்கமும் உதவாது. கடலோரத்தில் ஒரு தெருவில் நல்ல தண்ணீர், அடுத்த தெருவில் உப்பு. மோட்டாரைப் போடச் சொல்லி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வாயில் ஊற்றிப் பாருங்கள். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

23 ஜூன்

கேள்வி கேட்டவர் இப்போது மூன்று வீடுகளைக் குறித்து அனுப்பியிருக்கிறார். மஞ்சக்குப்பம், செம்மண்டலம், பாகூர்ப் பக்கம் ஒன்று.

பாகூர் வீட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் விசாரணை தேவை. புயல் கடந்து இரண்டு நாள் கழித்து, 2024 டிசம்பர் 2 அன்று, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரைபுரண்டது. கடலூரின் ஆற்றோரக் கிராமங்களும் பாகூர் வட்டாரமும் மூழ்கின. உள்ளூர் மழையில் தேங்கிய நீரன்று, ஆற்றின் வழியே வந்த வெள்ளம் அது. ஆகவே "மழையில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்டால், இல்லை என்றே உண்மையாகப் பதில் வரும். "டிசம்பர் இரண்டாம் தேதி எங்கே தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம், அந்தத் தெருவில் பால் ஊற்றுபவரிடம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பாகூர் புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதால் நில விவரத்தை நிலமகள் இணையதளத்தில் பார்க்க வேண்டும். கடலூர் வீடுகளுக்குத் தமிழ்நாட்டுப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் கிடைக்கும். புதுச்சேரியில் மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது உட்பிரிவையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் திரையில் வருகிற மதிப்பு வேறு யாருடைய மனைக்கோ உரியதாக இருக்கும்.